சிஸ்டம்வெரிலாக் பேக்கேஜ்களில் கிளாஸ்களைப் பிரித்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப் டிசைனைச் சோதிக்கும் வெரிஃபிகேஷன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, சிஸ்டம்வெரிலாக் மொழியில் கிளாஸ்களையும் டைப்களையும் சேர்த்து வைக்கும் பேக்கேஜ் என்ற ஒன்று இருப்பதே முதல் சில மாதங்கள் தெரியாது. யாரோ அமைத்துவைத்த ஃபைல் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு கிளாஸைச் சேர்த்து, அது கம்பைல் ஆகாமல் முரண்டு பிடிக்கும்போதுதான் கேள்விகள் கிளம்பும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கீவேர்டுகளையும் பெயர்களையும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

கிளாஸை ஃபைலில் அப்படியே எழுதினாலும் ஓடுகிறதே, பேக்கேஜ் எதற்கு?

ஓடும், இன்றைக்கு. எந்த மாட்யூலுக்குள்ளும் பேக்கேஜுக்குள்ளும் இல்லாமல் வெளியே எழுதிய கிளாஸ், கம்பைலேஷன் யூனிட் ஸ்கோப்புக்குப் போகிறது. டாலர் யூனிட் என்று சொல்வது அதைத்தான். எந்தெந்த ஃபைல்கள் சேர்ந்து ஒரு யூனிட் என்பதில்தான் சிக்கல். ஒரே கமாண்டில் கொடுத்த எல்லா ஃபைல்களையும் ஒரே யூனிட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனி யூனிட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். சிஸ்டம்வெரிலாக் ஸ்டாண்டர்டு இரண்டையும் அனுமதிக்கிறது. அதனால் ஒரு சிமுலேட்டரில் ஓடிய டெஸ்ட்பெஞ்ச் (டிசைனைச் சோதிக்க எழுதியது) இன்னொன்றில் "இந்தப் பெயரையே தெரியாது" என்று சொல்லும். சிமுலேட்டரை மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. கம்பைல் ஸ்கிரிப்டில் ஒரு ஸ்விட்சை மாற்றினாலே போதும்.

இன்னொரு விதியும் உண்டு. பேக்கேஜுக்குள் இருக்கும் கோடு, அதாவது நிரல், டாலர் யூனிட்டில் இருப்பதைத் தொடக்கூடாது. ஒரு கிளாஸைப் பேக்கேஜுக்குள் கொண்டுபோய் வைத்தால், அதன் பேஸ் கிளாஸும், அது பயன்படுத்தும் எனமும் (பெயர் வைத்த மதிப்புகளின் டைப்) ஏதாவது ஒரு பேக்கேஜுக்குள் வந்தே ஆக வேண்டும். பாதி உள்ளே பாதி வெளியே என்று வைத்துக்கொள்ள வழியில்லை.

இன்க்ளூடும் இம்போர்ட்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இன்க்ளூட் என்பது ப்ரீபிராசசர் வேலை. அந்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து, நீங்கள் எழுதிய இடத்தில் ஒட்டும். கம்பைலரைப் பொறுத்தவரை அந்தக் கிளாஸை நீங்களே அங்கே உட்கார்ந்து டைப் செய்த மாதிரி. இம்போர்ட் எதையும் ஒட்டாது. வேறொரு பேக்கேஜில் ஏற்கெனவே இருக்கும் பெயரை இந்த ஸ்கோப்பிலிருந்து பார்க்க அனுமதி தரும், அவ்வளவுதான்.

சிஸ்டம்வெரிலாகில் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டும் அல்ல. பெயரும், அது டிக்ளேர் ஆன இடமும் சேர்ந்ததுதான் அடையாளம். ஒரே ஃபைலை இரண்டு பேக்கேஜ்களில் இன்க்ளூட் செய்தால் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரியான இரண்டு வேறு டைப்கள் பிறக்கும். ஒன்றின் ஹேண்டிலை, அதாவது ஆப்ஜெக்டைச் சுட்டும் வேரியபிளை, மற்றொன்றில் போட முடியாது. டைப் மாற்றும் டாலர் காஸ்ட் போட்டாலும் தோற்கும்.

ஆகவே ஒரு கிளாஸ் ஃபைலை ஒரே ஒரு பேக்கேஜில் ஒரே ஒரு முறைதான் இன்க்ளூட் செய்ய வேண்டும். வேறு எங்கே தேவைப்பட்டாலும் இம்போர்ட்தான். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

பஸ்_ஐட்டமை பஸ்_ஐட்டமுக்கு அசைன் செய்ய முடியாது என்று எரர் வருகிறது. சிமுலேட்டருக்குப் பைத்தியமா?

அதற்குப் பைத்தியம் இல்லை. மேலே சொன்னதுதான் நடந்திருக்கிறது. பஸ்_பிகேஜி என்ற ஏஜென்ட் (ஒரு பஸ்ஸை ஓட்டிக் கவனிக்கும் பகுதி) பேக்கேஜில் பஸ்_ஐட்டம் (ஒரு பஸ் பரிமாற்றத்தின் தகவல்) ஃபைலை இன்க்ளூட் செய்திருப்பீர்கள். விடை சரியா என்று ஒப்பிடும் ஸ்கோர்போர்டை எழுதியவர் தன் எஸ்பி_பிகேஜி பேக்கேஜிலும் அதே ஃபைலை இன்க்ளூட் செய்திருப்பார். பஸ்ஸைக் கவனிக்கும் மானிட்டர் அனுப்புவது பஸ்_பிகேஜி::பஸ்_ஐட்டம். ஸ்கோர்போர்டு எதிர்பார்ப்பது எஸ்பி_பிகேஜி::பஸ்_ஐட்டம். சில சிமுலேட்டர்கள் எரரில் பேக்கேஜ் பெயரையும் காட்டும். காட்டாதவற்றில் இரண்டு பக்கமும் ஒரே பெயர் தெரியும், நாம் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

கம்பைலில் எரர் வந்தால் நல்ல காலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எரரே வராத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஒரு புராஜெக்டில் ஏஜென்டின் கான்ஃபிக் கிளாஸ், ஏஜென்ட் பேக்கேஜிலும் என்வைரன்மென்ட் பேக்கேஜிலும் இன்க்ளூட் ஆகியிருந்தது. டெஸ்ட், என்வைரன்மென்ட் பக்கத்து டைப்பில் ஆப்ஜெக்ட் உருவாக்கி, எரர் இன்ஜெக்ஷனை (வேண்டுமென்றே பிழை புகுத்துவது) ஆன் செய்து, யூவிஎம் என்ற டெஸ்ட்பெஞ்ச் லைப்ரரியின் கான்ஃபிக் டிபியில் (அமைப்புகளைப் போட்டுவைக்கும் கிடங்கு) செட் செய்தது. ஏஜென்ட் தன் பக்கத்து டைப்பில் கெட் செய்தது. கான்ஃபிக் டிபி டைப்பையும் பார்த்துத்தான் தேடும். டைப் வேறு என்பதால் கெட் பூஜ்யத்தைத் திருப்பியது. ஏஜென்ட் எழுதியவர் நல்ல எண்ணத்தில், கிடைக்காவிட்டால் டிஃபால்ட் கான்ஃபிக் ஒன்றை உருவாக்கிக்கொள் என்று எழுதிவைத்திருந்தார். டிஃபால்ட்டில் எரர் இன்ஜெக்ஷன் ஆஃப். டெஸ்ட் பச்சையாகப் பாஸ் ஆனது. எதெல்லாம் சோதிக்கப்பட்டது என்று கணக்கு வைக்கும் கவரேஜில் ஒரு கட்டம் (bin) நிரம்பவே இல்லை என்று தேடப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கெட்_டைப்_நேம் போட்டு இரண்டு பக்கமும் பிரின்ட் செய்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயர். அது கிளாஸைப் பதிவு செய்யும் மேக்ரோவில் கொடுத்த பெயரை மட்டும் திருப்பும், பேக்கேஜைச் சொல்லாது. பிறகு டாலர் டைப்நேம் போட்டேன். அது பேக்கேஜ் பெயரையும் முன்னால் சேர்த்துச் சொல்லும். ஒரே பெயருக்கு முன்னால் இரண்டு வேறு பேக்கேஜ்கள். எரிச்சல் என்னவென்றால், லாக்கின் தொடக்கத்திலேயே, டைப்களைப் பெயரோடு பதிவு செய்துவைக்கும் யூவிஎம் ஃபேக்டரி ஒரு வார்னிங் கொடுத்திருந்தது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டைப் பதிவாகியிருக்கிறது என்று. ரன் தொடங்கும்போது வரும் வார்னிங்குகளை யார் படிக்கிறார்கள்!

ஒரே ஃபைல் இரண்டு முறை ஒட்டப்படாமல் தடுக்கும் இன்க்ளூட் கார்டு (guard) போட்டால் இது தீர்ந்துவிடாதா?

தீராது, இடம் மாறும். இஃப்என்டெஃப், டிஃபைன் போட்டு கிளாஸ் ஃபைலைச் சுற்றினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். எல்லா ஃபைலும் ஒரே கம்பைலேஷன் யூனிட்டில் இருந்தால், முதல் பேக்கேஜ் இன்க்ளூட் செய்ததும் மேக்ரோ டிஃபைன் ஆகிவிடும். மேக்ரோவுக்குப் பேக்கேஜ் எல்லை கிடையாது. இரண்டாவது பேக்கேஜ் இன்க்ளூட் செய்யும்போது ஃபைல் காலியாகத் தெரியும், கிளாஸே இல்லை என்று எரர் வரும். ஃபைல் லிஸ்டில் வரிசையை மாற்றினால் எரர் மற்ற பேக்கேஜுக்குத் தாவும். ஒவ்வொரு ஃபைலும் தனி யூனிட் என்ற முறையில் கம்பைல் செய்தாலோ, கார்டு வேலையே செய்யாது. பழையபடி இரண்டு டைப்.

மேக்ரோக்கள் மட்டும் உள்ள ஃபைலுக்குக் கார்டு போடுங்கள், அங்கே அது சரி. கிளாஸ் ஃபைலில் போடுவதை நான் விரும்புவதில்லை. இரண்டு முறை இன்க்ளூட் செய்த தவறு உடனே வெளியே தெரியட்டும்.

ஒரு கிளாஸுக்கு ஒரு பேக்கேஜா, எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கேஜா?

இரண்டும் வேண்டாம். ஒரு கிளாஸுக்கு ஒரு ஃபைல் என்பது நல்ல பழக்கம். ஒரு கிளாஸுக்கு ஒரு பேக்கேஜ் என்று போனால் இம்போர்ட் வரிகளை எழுதியே நாள் போய்விடும்.

எதையெல்லாம் சேர்த்தே எடுத்துக்கொண்டு அடுத்த புராஜெக்டுக்குப் போவீர்களோ, அது ஒரு பேக்கேஜ். ஒரு பஸ் ஏஜென்டை எடுத்துக்கொண்டால் ஐட்டம், கான்ஃபிக், சீக்வென்சர், டிரைவர், மானிட்டர், ஏஜென்ட், அடிப்படை சீக்வென்ஸ்கள் எல்லாம் பஸ்_பிகேஜியில். அந்த பிளாக்குக்கே உரிய ஸ்கோர்போர்டு, என்வைரன்மென்ட், விர்ச்சுவல் சீக்வென்சர் எல்லாம் என்வ்_பிகேஜியில். டெஸ்டுகள் டெஸ்ட்_பிகேஜியில். சீக்வென்ஸ்கள் நிறைய சேர்ந்து, வாரத்துக்கு நாலு முறை மாறிக்கொண்டிருந்தால் அவற்றைத் தனியே பிரிக்கலாம். கீழ் பேக்கேஜில் ஒரு வரியை மாற்றினால் அதை இம்போர்ட் செய்யும் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும் என்பதால், அடிக்கடி மாறுவதை மேலே வைப்பது நேரத்தை மிச்சம் பண்ணும்.

பேக்கேஜ் ஃபைலே பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே இவ்வளவுதான்:

பேக்கேஜ் பஸ்_பிகேஜி;
இம்போர்ட் யூவிஎம்_பிகேஜி::*;
பிறகு யூவிஎம் மேக்ரோ ஃபைலுக்கு ஒரு இன்க்ளூட்,
பிறகு ஐட்டம் தொடங்கி ஏஜென்ட் வரை ஒவ்வொரு கிளாஸ் ஃபைலுக்கும் ஒரு இன்க்ளூட்,
என்ட்பேக்கேஜ்

கம்பைலருக்கு நேரடியாகக் கொடுக்கும் ஃபைலுக்கு எஸ்வி என்றும், இன்க்ளூட் செய்ய மட்டும் உள்ள ஃபைலுக்கு எஸ்விஹெச் என்றும் எக்ஸ்டென்ஷன் வைப்பது பரவலான வழக்கம். ஸ்டாண்டர்டு இதைக் கேட்பதில்லை. ஆனால் ஃபைல் லிஸ்டில் ஒரு எஸ்விஹெச் தலைகாட்டினால் தவறு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். யூவிஎம் லைப்ரரியே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்கள், ஆனால் பேக்கேஜ் ஒன்றுதான்.

பேக்கேஜுக்குள் எந்த வரிசையில் இன்க்ளூட் செய்வது? இரண்டு கிளாஸ்கள் ஒன்றையொன்று கேட்கின்றன.

பயன்படுத்தப்படுவது முன்னால், பயன்படுத்துவது பின்னால். ஐட்டம் முதலில், ஏஜென்ட் கடைசியில்.

ஒன்றையொன்று கேட்டால் மேலே "டைப்டெஃப் கிளாஸ் பஸ்_ஏஜென்ட்;" என்று ஒரு வரி போடுங்கள். அப்படி ஒரு கிளாஸ் பின்னால் வரும் என்ற வாக்குறுதி அது. ஹேண்டில் டிக்ளேர் செய்ய அது போதும். அந்தக் கிளாஸை எக்ஸ்டென்ட் செய்ய வேண்டும் என்றால் போதாது, முழு டெஃபினிஷனும் முன்னால் இருக்க வேண்டும். வாக்குறுதி கொடுத்த அதே பேக்கேஜுக்குள் அது நிறைவேறியும் ஆக வேண்டும். வேறு பேக்கேஜில் இருக்கும் கிளாஸுக்கு இப்படி டைப்டெஃப் போட முடியாது.

எக்ஸ்டர்ன் மெத்தடுகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். கிளாஸ் இருக்கும் பேக்கேஜிலேயே, கிளாஸுக்குப் பின்னால், பாடி வர வேண்டும்.

இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யலாமா?

முடியாது. இம்போர்ட் செய்யும் முன் அந்தப் பேக்கேஜ் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். முட்டையா கோழியா கதை. இந்த நிலைமை வந்தால் பெரும்பாலும் பிரிப்பில்தான் கோளாறு. இரண்டுக்கும் பொதுவான பேஸ் கிளாஸை மூன்றாவது பேக்கேஜில் கீழே வைத்து, அதில் விர்ச்சுவல் மெத்தடுகளை மட்டும் எழுதி, இரண்டு பேக்கேஜும் அதை இம்போர்ட் செய்யட்டும். அதுவும் ஒட்டவில்லை என்றால் இரண்டும் ஒரே பேக்கேஜாக இருக்க வேண்டியவையோ என்று யோசியுங்கள்.

என்வ்_பிகேஜி பஸ்_பிகேஜியை இம்போர்ட் செய்கிறது. நான் என்வ்_பிகேஜியை இம்போர்ட் செய்தும் பஸ்_ஐட்டம் தெரியவில்லையே?

இம்போர்ட் சங்கிலியாகத் தொடராது. டெஸ்ட்_பிகேஜியில் பஸ்_ஐட்டம் வேண்டுமென்றால் அங்கேயும் "இம்போர்ட் பஸ்_பிகேஜி::*;" எழுதுங்கள். எது எங்கிருந்து வருகிறது என்று ஃபைலைத் திறந்ததும் தெரியும் என்பதால் இதுதான் என் விருப்பமும்.

எக்ஸ்போர்ட் என்று ஒன்று ஸ்டாண்டர்டின் 2009 பதிப்பில் வந்தது. என்வ்_பிகேஜியில் "எக்ஸ்போர்ட் பஸ்_பிகேஜி::*;" என்று போட்டால் அதன் வழியாகவும் பெயர்கள் கிடைக்கும். டைப் பழையதேதான், நகல் உருவாகாது. ஆனால் நட்சத்திரம் போட்டு இம்போர்ட் செய்தவற்றில், என்வ்_பிகேஜி உண்மையில் பயன்படுத்திய பெயர்கள் மட்டுமே இப்படி வெளியே போகும். அது தொடாத பெயர் போகாது. என்வைரன்மென்ட்டில் யாரோ பயன்படாத வரி என்று ஒன்றை நீக்க, சம்பந்தமே இல்லாத டெஸ்ட் கம்பைல் ஆகாமல் போவது இப்படித்தான்.

நட்சத்திரம் போட்டு இம்போர்ட் செய்வது தவறா?

தவறு இல்லை. நட்சத்திர இம்போர்ட் எல்லாப் பெயர்களையும் அள்ளிக்கொண்டு வராது. தேவைப்படும்போது தேடிப்பார்க்க அனுமதி மட்டும் தரும். அதனால் இரண்டு பேக்கேஜ்களில் ஒரே பெயர் இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் வரை எரர் வராது. பயன்படுத்தினால் வரும். அப்போது பஸ்_பிகேஜி::கான்ஃபிக் என்று முழுப் பெயரில் எழுதுங்கள். முதலிலேயே கான்ஃபிக், ஐட்டம் என்று மொட்டையாகப் பெயர் வைக்காமல் பஸ்_கான்ஃபிக் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெயரைக் குறிப்பிட்டு இம்போர்ட் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு எனம் டைப்பை மட்டும் பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால் அதற்குள் இருக்கும் லேபிள்கள் கூடவே வராது. டைப் தெரியும், ரீட், ரைட் என்ற மதிப்புகள் தெரியாது. அவற்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

யூவிஎம்_பிகேஜியை இம்போர்ட் செய்தேன், ஆனாலும் மேக்ரோ இல்லை என்கிறது.

மேக்ரோ பேக்கேஜுக்குள் வாழ்வதில்லை, ப்ரீபிராசசரோடு முடிந்துவிடும். அதனால்தான் இம்போர்ட்டும் வேண்டும், மேக்ரோ ஃபைலுக்கு இன்க்ளூடும் வேண்டும். முன்னால் கம்பைல் ஆன ஃபைலில் இன்க்ளூட் செய்திருக்கிறோமே என்று நம்பி இருக்காதீர்கள். தனித்தனி யூனிட்டாகக் கம்பைல் செய்யும் நாளில் கைவிட்டுவிடும்.

இன்டர்ஃபேஸைப் பேக்கேஜில் வைக்கலாமா?

கூடாது. மாட்யூல், இன்டர்ஃபேஸ், புரோகிராம் எதுவும் பேக்கேஜுக்குள் போகாது. பஸ் இன்டர்ஃபேஸ் தனி ஃபைலில் இருக்கட்டும், பேக்கேஜுக்கு முன்னால் கம்பைல் ஆகட்டும். கிளாஸில் விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் ஹேண்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். டாப் மாட்யூலிலிருந்து புள்ளி வைத்து உள்ளே இறங்கும் ஹையரார்க்கிகல் ரெஃபரன்ஸும் பேக்கேஜ் கிளாஸில் எழுத முடியாது. டிசைனுக்குள் ஒரு சிக்னலை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தத் தடை இருப்பதால்தான் ஒரு பேக்கேஜை அப்படியே வேறு டெஸ்ட்பெஞ்சுக்குக் கொண்டுபோக முடிகிறது.

டெஸ்ட் கம்பைல் ஆகிறது. ரன் செய்தால் அந்தப் பெயரில் டெஸ்டே இல்லை என்று ஃபேட்டல் வருகிறது.

முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் டாப் மாட்யூலைத் திறந்து, டெஸ்ட்_பிகேஜி அங்கே இம்போர்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கமாண்ட் லைனில் கொடுக்கும் டெஸ்ட் பெயர் வெறும் ஸ்டிரிங். ஃபேக்டரியில் அந்தப் பெயர் பதிவாவது, பேக்கேஜின் ஸ்டாடிக் வேரியபிள்கள் இனிஷியலைஸ் ஆகும்போது. டாப்பிலிருந்து யாருமே தொடாத பேக்கேஜைச் சிமுலேட்டர் ஏற்றாமலே விட்டுவிடலாம். ஏறாத பேக்கேஜின் டெஸ்ட் பதிவாகாது. டாப்பில் ஒரே ஒரு இம்போர்ட் வரியைச் சேர்த்தால் முடிந்தது.

கமாண்ட் லைனில் பேக்கேஜ் பெயரைச் சேர்க்காதீர்கள், கிளாஸைப் பதிவு செய்த பெயர் மட்டும் போதும். அதனாலேயே இரண்டு டெஸ்ட் பேக்கேஜ்களில் ஒரே பெயரில் டெஸ்ட் வைக்கக்கூடாது. பெயரை வைத்துத் தேடுவது அப்போது நம்பத்தக்கதாக இருக்காது. டைப்பை வைத்துச் செய்யும் ஓவர்ரைடு (ஒரு கிளாஸுக்குப் பதில் இன்னொன்றை உருவாக்கச் சொல்வது) மட்டும்தான் சரியாக வேலை செய்யும்.

டிரைவரில் பத்து நானோசெகண்ட் டிலே கொடுத்தால் பத்து பிகோசெகண்டாக ஓடுகிறது.

வெறும் எண்ணாகக் கொடுத்த டிலேக்கு, கிளாஸ் இருக்கும் பேக்கேஜின் டைம் யூனிட்தான் கணக்கு. பேக்கேஜில் நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால், அதே கம்பைலேஷன் யூனிட்டில் முன்னால் கம்பைல் ஆன ஏதோ ஒரு ஃபைலின் டைம்ஸ்கேல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஃபைல் லிஸ்ட் வரிசை மாறினால் டிலே மாறும். பேக்கேஜ் தொடங்கியதும் முதல் வரியாக டைம்யூனிட், டைம்பிரெசிஷன் இரண்டையும் எழுதிவிடுங்கள். கிளாஸில் டிலே எழுதும்போது எண்ணோடு என்எஸ் என்று அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

பேக்கேஜில் வெறும் ஃபங்ஷன்கள் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் ஆட்டோமேடிக் என்று எழுத மறக்காதீர்கள். கிளாஸ் மெத்தடுகள் தாமாகவே ஆட்டோமேடிக். பேக்கேஜில் வெளியே நிற்கும் ஃபங்ஷனும் டாஸ்கும் சொல்லாவிட்டால் ஸ்டாடிக். ஒரே டாஸ்கை இரண்டு திரெட் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் லோக்கல் வேரியபிள்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும்.

பேக்கேஜுக்குப் பாராமீட்டர் கொடுக்க முடியுமா?

முடியாது. பேக்கேஜுக்குள் எழுதும் பாராமீட்டரும் லோக்கல்பாராம் மாதிரிதான், வெளியிலிருந்து மாற்ற முடியாது. அகலம் மாற வேண்டும் என்றால் கிளாஸையே பாராமீட்டரைஸ் செய்யுங்கள்.

டிசைன் டீமும் நாங்களும் ஒரே பேக்கேஜைப் பகிர்ந்துகொள்ளலாமா?

அகலங்கள், ஆப்கோடு எனம், பேக்டு ஸ்ட்ரக்ட் இவற்றை ஒரு சின்னப் பேக்கேஜில் வைத்து இரு தரப்பும் இம்போர்ட் செய்யுங்கள். இரண்டு இடத்தில் ஒரே எண்ணை எழுதி, ஒன்றை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்வது தவிரும். அதில் ஒரு கிளாஸைக்கூடப் போடாதீர்கள், யூவிஎம்மை இம்போர்ட்டும் செய்யாதீர்கள். டிசைனைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் ஓட்டுகிறவர் உங்களைத் தேடி வருவார்.

பழைய டெஸ்ட்பெஞ்ச் முழுக்க டாலர் யூனிட்டில் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அடியிலிருந்து. யாரையும் சாராத கிளாஸ் எதுவோ அதை முதலில் எடுங்கள்; பெரும்பாலும் அது ஐட்டம் அல்லது கான்ஃபிக். ஃபைல் லிஸ்டிலிருந்து அதை நீக்கி, புதுப் பேக்கேஜில் இன்க்ளூட் செய்து, பேக்கேஜை லிஸ்டின் மேலே வையுங்கள். மிச்சக் கோடு இன்னும் வெளியேதான் கிடக்கும், அதனால் தற்காலிகமாக வெளியிலேயே ஒரு நட்சத்திர இம்போர்ட் போட்டுக்கொள்ளுங்கள். டாலர் யூனிட் பேக்கேஜைப் பார்க்கலாம், பேக்கேஜ்தான் அதைப் பார்க்கக்கூடாது; மேலிருந்து தொடங்கினால் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். ஒவ்வொரு ஏஜென்டாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ரிக்ரஷனை, அதாவது எல்லா டெஸ்டுகளையும் மறுபடி, ஓட்டுங்கள். நடுவில் ஒரு கிளாஸ் உள்ளே வர மறுக்கும். உள்ளே பார்த்தால் எங்கேயோ ஒரு வரியில் டாப்பிலிருந்து புள்ளி வைத்து டிசைனுக்குள் இறங்கியிருப்பார்கள். அந்த வரியை விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் வழியாக மாற்றி எழுதிவிட்டு மேலே போகலாம். கடைசி கிளாஸும் உள்ளே வந்ததும் அந்தத் தற்காலிக இம்போர்ட்டை நீக்கிவிட்டு, ஒருமுறை எல்லா ஃபைலையும் தனித்தனி யூனிட்டாகக் கம்பைல் செய்து பாருங்கள்.